மறைந்த உறுப்பினரின் கார்: வாசகர் கேள்வி – பதில்

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு பக்கத்துப் பழைய கார் குழுக்களிலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: உடன் ஓட்டியவர் காலமாகிவிட்டார், குழு அவரை எப்படி நினைவுகூர்வது? சேர்த்தே பதில் சொல்கிறோம். எல்லாப் பதிலுக்கும் முன்னால் ஒரு வார்த்தை. காரும் சரி, படமும் சரி, பெயரும் சரி, வீட்டாரைக் கேட்காமல் குழு எதிலும் கை வைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் குழுவின் மூத்தவர் போன வாரம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய அம்பாஸடரை முன்னால் விட்டு எல்லோரும் ஊர்வலமாகப் போக ஆசை. அவர் படுக்கையில் இருந்ததால் வண்டி ஏழு மாதமாக ஷெட்டிலேயே நிற்கிறது. பேட்டரி மாற்றினால் போதுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. ஏழு மாதம் நின்ற வண்டியில் பேட்டரி போட்டு உடனே செல்ஃப் அடிப்பதுதான் எஞ்சினைக் கெடுக்கும் முதல் வழி. உங்களிடம் ஒரு வாரம் இருக்கிறது; ஒழுங்காகச் செய்தால் ஐந்து நாளில் முடியும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியின் உட்புறத்தை அப்படியே படம் எடுங்கள். சீட் எந்தக் கொக்கியில் இருக்கிறது, கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிளவ் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று எல்லாமே. அவர் கை வைத்த நிலையில் இருப்பதை வீட்டார் பார்க்க விரும்புவார்கள். துடைக்கிறேன் என்று ஒருவர் கிளம்பிவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.

பிறகு எலி. தென்னந்தோப்பு ஷெட்டில் நிற்கும் காருக்கு எலிதான் பெரிய எதிரி. ஏர் கிளீனர் டப்பாவைத் திறந்து தேங்காய் நார், பஞ்சு இருக்கிறதா பாருங்கள். சைலன்ஸர் வாய், பின் சீட்டின் அடி, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் ஒயர் கட்டு இவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடித்த ஒயரோடு பேட்டரி இணைத்தால் புகை வரும்.

பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து சார்ஜ் செய்யுங்கள். 60 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரிக்கு 5 முதல் 6 ஆம்பியர் போதும். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை நம்பாதீர்கள். புதியதை இணைக்கும்போது கவனம்: டைனமோ வைத்த மிகப் பழைய அம்பாஸடர்களில் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை எர்த் செய்தால் டைனமோ பாழாகலாம். பழைய கேபிள் எப்படி இருந்தது என்பதைப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலை முழுதும் வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அங்கிருந்துதான் துருவும் ஆரம்பிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் இந்தப் பெட்ரோலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும், இல்லையேல் வெடிப்பு விடும். விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே மயிரிழைக் கீறல் தெரிந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, புது கிளிப்போடு மாற்றுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையைத் திறந்து பழுப்புப் பிசினைக் கழுவ வேண்டும். ஊசி வால்வு ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் பொங்கி வழியும். அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம் இருக்கின்றன. வழிவது நேரே சூட்டின் மேல்தான் விழும். முதல் ஸ்டார்ட் செய்யும்போது தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஞ்சின் விஷயம் இது. நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்டில் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்றவில்லையா, கியரில் போட்டுத் தள்ளாதீர்கள். பிஸ்டன் ரிங் உடையும். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னொரு நாள் காத்திருங்கள். கையால் சுற்றிய பிறகு, பிளக் இல்லாமலே, இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றி வைத்து, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு பிளக் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பாயிண்ட் முனைகளில் படிந்த படலம் ஸ்பார்க்கைத் தடுக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.38 மி.மீ.க்கு வையுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. சுமார்.

இத்தனையையும்விட முக்கியம் பிரேக். பலர் எஞ்சின் ஓடியதும் மகிழ்ந்து ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்து பிஸ்டன் சிக்கும். நாலு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். ரப்பர் குமிழ் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈரம் தெரிந்தால் அந்தச் சிலிண்டரின் ரப்பர் தொகுப்பை (கிட்) மாற்ற வேண்டும். பழைய ஆயிலை வெளியேற்றி டாட் 3 வகை பிரேக் ஆயில் விடுங்கள். கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஒரு துளி விட்டாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பிளீட் செய்வது, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது, இடது பின் சக்கரம், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை. மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி டிரம் நாலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ விடவில்லை.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம் செய்தது. தடம் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருட டயரில் ஊர்வலம் வேண்டாம்.

முதலில் மூன்று கிலோமீட்டர், சரிசெய்து பதினைந்து கிலோமீட்டர். இரண்டும் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊர்வலம் போவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். எஞ்சின் ஓடாத வண்டியில் டைனமோவும் ஓடாது, கயிறு இழுபடும் ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டிக்கும் ஆபத்து. வண்டியை வீட்டு வாசலில் கழுவி நிறுத்தி, ஊர்வலம் அங்கிருந்தே புறப்படட்டும். அதுவும் முழு மரியாதைதான்.

இன்னொன்று. அவர் நோயில் இருந்த மாதங்களில் புகைச் சான்று காலாவதி ஆகியிருக்கும். பழைய கார்களுக்கு அது ஆறு மாதமே செல்லும். பதிவு புதுப்பித்தல் தேதியையும் இன்சூரன்ஸ் தேதியையும் ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் கிளம்பி கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு வரை இருபது கார் நினைவு ஓட்டம் நடத்துகிறோம். போன வருடம் நடுவழியில் வண்டிகள் சூடேறி வரிசை சிதறிவிட்டது. எப்படி நடத்துவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இருபது காரை ஒரே வரிசையாக விட்டதால்தான் சிதறியது. முன்னால் போகிறவர் மணிக்கு 45-இல் போனால் கடைசியில் வருகிறவர் ஒரு நேரம் 20, ஒரு நேரம் 65 என்று இழுபட வேண்டிவரும். ஆறு, ஏழு காராகப் பிரித்து இரண்டு நிமிட இடைவெளியில் விடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் மெதுவான வண்டியை இரண்டாவதாக வையுங்கள். முதல் வண்டி அதன் வேகத்துக்குப் போகட்டும். ஊருக்கு வெளியே 30 மீட்டர் இடைவெளி விட்டால் நடுவில் பஸ் நுழைந்து வெளியேற இடம் இருக்கும்.

பொள்ளாச்சி – பாலக்காடு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மணிக்கு 40-இல் போய், கொழிஞ்சாம்பாறையில் ஒரு நிறுத்தம் வைத்தால் இரண்டு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புவது நல்லது. எட்டரைக்குள் முடிந்தால் வெயிலும் இல்லை, கடைத்தெரு நெரிசலும் இல்லை.

கடைசி வண்டியில் மெக்கானிக் இருக்க வேண்டும். அவர் வண்டியில் இருக்க வேண்டியவை: இருபது லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கன்டென்ஸர், ரோட்டார், பெட்ரோல் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப், ஐந்து மீட்டர் இழுவைக் கயிறு, 2 கிலோ பவுடர் தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம். நின்றுபோகும் பழைய வண்டிகளில் பலவற்றை பாயிண்ட், கன்டென்ஸர், பெல்ட் இந்த மூன்றே கிளப்பிவிடும்.

சூடேறுவதற்கு வருவோம். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் ஃபேன், ஐடிலில் மெதுவாகத்தான் சுற்றும். நின்று நின்று போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அதே நேரம் பெட்ரோல் பம்பும் குழாயும் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியானால் வேப்பர் லாக். வண்டி இழுக்காமல் தடுமாறி நிற்கும். பம்பின் மேல் ஈரத் துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் சரியாகும். துணியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் படவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அந்த அவசரத்தில் யாரும் திறக்கக் கூடாது.

நிறைய குழுக்கள் மௌன அஞ்சலியின்போது எல்லா எஞ்சினையும் ஒரே நேரத்தில் அணைக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அணைத்த பின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஃப்ளோட் அறையின் பெட்ரோல் சூட்டில் கொதிக்கும். மறுபடி செல்ஃப் அடித்தால் எடுக்காது; ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மிதித்தால் இன்னும் மூழ்கும். பாதி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஆகவே அஞ்சலி செலுத்தும் இடம் ரோட்டோரம் வேண்டாம், மைதானமோ கல்யாண மண்டபத்து முற்றமோ பாருங்கள். வண்டிகளை வெளியே பார்த்து நிறுத்திவிட்டால் தள்ளிக் கிளப்பவும் வசதி.

ஹாரன் அடித்து அஞ்சலி செய்வது வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் 100 மீட்டருக்குள் அது சட்டப்படியும் குற்றம். துக்க வீட்டுக்கு அது நல்லதும் இல்லை.

அனுமதிக்கு இரண்டு மாநிலத்துக் காவல் நிலையங்களுக்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். பத்து நாளாவது முன்னால். பாதை, நேரம், கார் எண்கள், பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண் அதில் இருக்கட்டும். கடிதத்திலும் சுவரொட்டியிலும் நேரப் போட்டி, பரிசு என்று எதையும் எழுதாதீர்கள். தனிநபர் கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று தெளிவாகவே இருக்கிறது. நினைவு ஓட்டம் அந்த வகையில் சேராது; நீங்களே சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழையும் பலமாக இருக்கும். டிரம் பிரேக் நனைந்தால் முதல் மிதிக்குப் பிடிக்காது. அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: காரின் பானெட்டில் மாலை, படம் வைத்து ஓட்டலாமா? சந்தனம், குங்குமம் வைப்பதால் பெயின்ட் கெடுமா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: மாலை கிரில்லை மூடினால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது, எஞ்சின் கொதிக்கும். பானெட்டின் மேல்பகுதியில் ஒரே மாலை, இரு பக்கமும் பருத்திக் கயிற்றால் கட்டியதாக இருக்கட்டும். நம்பர் பிளேட்டும் விண்ட்ஷீல்டும் துளி மறையக் கூடாது. நாரில் கட்டிய ஈரப் பூவைப் பெயின்ட் மேல் வெயிலில் விட்டால் கறை விழும். அடியில் துண்டு விரித்து வையுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பழைய பெயின்ட் அதோடு உரிந்து வரும். படத்தை வெளியே வைப்பதைவிட முன் இருக்கையில், பெல்ட்டோ கயிறோ கட்டி, உள்ளே வைத்தால் காற்றுக்குப் பறக்காது.

மஞ்சளும் குங்குமமும் வைத்தால் அன்று மாலைக்குள் தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் வெளிர் நிறப் பெயின்டில் நிரந்தரக் கறை. கற்பூரம் காட்டுவது காரிலிருந்து நாலைந்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கார்புரேட்டரும் பழைய ஹோஸும் உள்ள வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் ஆவி எப்போதும் இருக்கும்.

கேள்வி: மறைந்தவரின் கார் கே.எல். எண். வீடு சித்தூரில், மகன் பொள்ளாச்சியில் வேலையில் இருக்கிறார். அவர் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? அதுவரை யாராவது ஓட்டலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: இதில் நாள் கணக்கு முக்கியம், அதனால் வரிசையாகச் சொல்கிறோம்.

இறப்புச் சான்று எங்கே இறந்தாரோ அந்த ஊரின் பதிவாளரிடம்தான் கிடைக்கும், குடியிருந்த ஊரில் அல்ல. கோவை ஆஸ்பத்திரியில் இறந்தால் கோவை மாநகராட்சி. பாலக்காட்டில் இறந்தால் பாலக்காடு நகராட்சி. பதிவு செய்ய 21 நாள். எல்லைப்புறக் குடும்பங்கள் இதில்தான் முதலில் அலைகின்றன.

மோட்டார் வாகன விதி 56-இன்படி, உரிமையாளர் இறந்தபின் வண்டி யார் வசம் வந்ததோ அவர் மூன்று மாதம் அதைத் தன் வண்டியாகவே ஓட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனை: இறந்த 30 நாளுக்குள், இறப்பையும் தாம் ஓட்டப்போவதையும் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பம் தர வேண்டும், ஆர்.சி., இன்சூரன்ஸ், இறப்புச் சான்று, கட்டணம் ஆகியவற்றோடு. மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். கேரளத்தில் வாரிசுச் சான்று அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்ட பிறகே வரும். ஆகவே முதல் வாரத்திலேயே வில்லேஜ் ஆபீஸில் மனு போடுங்கள். மூன்று மாதம் என்பது நீண்ட காலம் இல்லை.

இன்சூரன்ஸும் அப்படியே. தனி நபர் பெயரில் இருந்த பாலிசி இறப்போடு உடனே செல்லாததாகிவிடாது. மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியதோ அதுவரை நீடிக்கும். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும். அவர் சொந்தக் காரை ஓட்டும்போது விபத்தில் இறந்திருந்தால், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் நியமனதாரருக்கு உண்டு. துக்கத்தில் பல குடும்பங்கள் பாலிசியைத் திறந்தே பார்ப்பதில்லை. குழுவில் ஒருவர் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துச் சொன்னால் அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

இனி எண் விஷயம். மகன் பெயருக்குப் பொள்ளாச்சி முகவரியில் மாற்ற வேண்டுமானால், கேரள அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, பொள்ளாச்சியில் படிவம் 27-உம் 31-உம் கொடுக்க வேண்டும். அப்போது டி.என். எண் கிடைக்கும், பழைய எண் போய்விடும். நாற்பது வருடமாக ஊரே அடையாளம் கண்ட எண் அது என்றால் யோசியுங்கள். சித்தூரிலேயே இருக்கும் அவர் மனைவி பெயருக்கு மாற்றினால் எண் அப்படியே நிற்கும். மகன் விடுமுறையில் வந்து ஓட்டலாம். வேறு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது எண் வாங்கும் கட்டாயம் வரும்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார் என்றால் 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஏற்கெனவே உள்ள எண்ணை வைத்துக்கொள்ள அதில் இடம் உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த பிறகு கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டுக்கு எடுக்கலாம். அன்றாட ஓட்டம் கூடாது. அப்பாவின் காரில் கோயிலுக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

உயிரோடு இருக்கும் உறுப்பினர்களுக்கு: 2021 முதல் ஆர்.சி.யில் நியமனதாரர் பெயரைச் சேர்க்கலாம். அடுத்த கூட்டத்திலேயே எல்லோரும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: சங்க அறையில் மறைந்தவர்கள் பெயர்ப் பலகை வைக்க இருக்கிறோம். தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டும். பித்தளையா, கருங்கல்லா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: அறைக்குள் என்றால் பித்தளை, வெளியே மழை படும் இடம் என்றால் கருங்கல். பித்தளையில் 3 மி.மீ. தகடு, ஆழமாக அரித்துக் கறுப்பு நிரப்பிய எழுத்து. மெல்லிய தகட்டில் மேலோட்டமாக வெட்டினால் மெருகு போடப் போட எழுத்து தேய்ந்துவிடும். கருங்கல் 18 மி.மீ. கனமாவது இருக்கட்டும். திருகு பித்தளையே; இரும்புத் திருகு துருப்பிடித்துச் சுவரில் கறை வழியும். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்து 25 மி.மீ. உயரம் வேண்டும்.

ஒரே பெரிய பலகையில் பெயர்களை அடுக்கி மிச்சத்தைக் காலியாக விடுவதை நாங்கள் விரும்பவில்லை. அந்தக் காலி வரிகளைப் பார்த்துக்கொண்டு வயதான உறுப்பினர்கள் டீ குடிக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஒரு சிறு தகடு, 150க்கு 50 மி.மீ., மரப் பலகையில் தனித்தனியாகப் பதியுங்கள்.

தவறு பெரும்பாலும் எழுத்துருவில் நடக்கும். யூனிகோடில் அடித்ததை வெட்டுகிறவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறும், மலையாளக் கூட்டெழுத்துகள் உடைந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி போன்ற குறி) நிற்கும். எழுத்தை வடிவமாக மாற்றிய கோப்பையே கொடுங்கள். வெட்டுமுன் முழு அளவில் தாளில் அச்செடுத்து, தமிழ் தெரிந்தவர் ஒருவரும் மலையாளம் தெரிந்தவர் ஒருவரும், மறைந்தவரின் வீட்டார் ஒருவரும் உரக்கப் படிக்க வேண்டும். இனிஷியலும் ஊர்ப் பெயரும் வீட்டார் எழுதும் விதத்திலேயே இருக்கட்டும். பிறந்த ஆண்டு நிச்சயமில்லை என்றால் போடாதீர்கள். ஊகித்துக் கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது.

வண்டியின் பெயர், மாடல் ஆண்டு சேர்க்கலாம். தகட்டை அவர் காரின் டேஷ்போர்டில் துளை போட்டுப் பதிக்க வேண்டாம்.

கேள்வி: இறந்தவரின் எண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எப்போது எடுப்பது? எடுக்க மனம் வரவில்லை.
– வாசகர், ஆனைமலை

பதில்: உடனே எடுக்க வேண்டாம், வீட்டார் அந்தப் போனைத்தான் தகவலுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் என்றென்றைக்கும் விடவும் கூடாது. ரீசார்ஜ் நின்று துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அவர் பிறந்த நாளுக்கு நீங்கள் எழுதும் வரிகள் முன்பின் தெரியாதவருக்குப் போய்ச் சேரும். அதற்குள் அவர் அனுப்பிய குரல் செய்திகளையும் படங்களையும் சேமித்து, ஒரு பிரதியை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி: குடும்பத்துக்கு என்று இரண்டு லட்சம் வசூலாகியிருக்கிறது. பணமாகக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: அவர் மனைவியின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள், கொடுத்தவர் பட்டியல் எழுத்தில் இருக்கட்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் பெறுபவரின் வருமானமாகக் கணக்கில் வரும். அதையும் சேர்த்து அவருடைய மொத்த வருமானம் வரிவரம்புக்குக் கீழே என்றால் வரி வராது. ஓய்வூதியமோ வாடகையோ இருந்தால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரிக்கே கட்டுவதும் ஒரு வழி. மேடையில் பெரிய காசோலை அட்டையோடு படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: சந்தா பாக்கி வைத்தவர், சண்டை போட்டு விலகியவர் பெயரையும் நினைவுப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?
– வாசகர், பாலக்காடு

பதில்: சேர்க்க வேண்டும்.

கேள்வி: மறைந்த நண்பரின் ஷெட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பத்மினி கார்களின் உதிரி பாகங்கள் அறை நிறைய இருக்கின்றன. குழுவினர் விலைக்குக் கேட்கிறார்கள். அவர் மனைவிக்கு எது என்னவென்று தெரியாது. நியாயமாக எப்படிச் செய்வது?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: முதல் விதி: விலை சொல்பவர் வாங்கக் கூடாது, வாங்குபவர் விலை சொல்லக் கூடாது. இரண்டு பேரை விலை மதிக்க வையுங்கள். அவர்களில் ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும். வாரிசுகள் யார் என்பது எழுத்தில் தெளிவாகும் வரை ஒரு போல்ட்கூட வெளியே போக வேண்டாம்.

அறைக்குள் போனதும் எதையும் நகர்த்தாமல் அலமாரி அலமாரியாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை கட்டி, நோட்டில் எண், பொருள், புதியதா பழையதா, எந்த வண்டிக்கு என்று நாலு பத்தி போடுங்கள். பெட்டியோடு இருக்கும் புதிய பாகத்தைப் பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள். லேபிள் போனால் மதிப்பில் பாதி போகும்.

எது விலை போகும்? ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த வண்டி. அந்த நிறுவனமே இன்று இல்லை. ஆகவே அதன் விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கிரில், முன் சஸ்பென்ஷன் டிரனியன் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) எல்லாம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்மினிக்குக் குரோம் பட்டைகள், மீட்டர் கன்ஸோல், நல்ல கார்புரேட்டர். ரப்பர் சாமான்கள் நேர்மாறு: இருபது வருடம் பழைய பிரேக் கிட், புதிதாக உறையில் இருந்தாலும், யாருக்கும் விற்கக் கூடாது. ரப்பர் இறுகியிருக்கும், அதைப் போட்டவர் பிரேக் இல்லாமல் நிற்பார். அந்தக் காலத்து பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய கேனில் இருக்கும் பெட்ரோலையும் வீங்கிய பேட்டரியையும் முதல் நாளே அகற்றுங்கள்.

அறையில் அரைகுறையாக நிற்கும் கார் இருந்தால் அதிலிருந்து எதையும் கழற்றி விற்க வேண்டாம். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லாத ஹெரால்டுக்குப் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். முழுதாக இருந்தால், ஓடாவிட்டாலும், அதைத் தூக்கிக் கட்ட யாராவது வருவார்கள். ஏதாவது பாகம் அவர் வேறொருவருக்காக வாங்கி வைத்ததா, வேறொருவர் அவரிடம் கொடுத்து வைத்ததா என்றும் குழுவில் கேளுங்கள். உரிமை கோருபவர் ரசீதோ செய்தியோ காட்ட வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் பட்டறைக் குறிப்பேடு வைத்திருப்பார்கள்: எந்த ஜெட் போட்டால் எவ்வளவு மைலேஜ், எந்தக் கடையில் எந்தப் பேரிங் பொருந்தும், எந்த லேத்தில் டிரனியன் புஷ் கடைந்தது. அது விற்பனைக்குரியது அல்ல. வீட்டார் சம்மதத்தோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, நோட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் பெயர் போட்டு அந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால், அடுத்த ஹெரால்டுக்காரர் பேரிங் தேடி நாலு ஊர் சுற்ற வேண்டியிராது.

கேள்வி: வருடா வருடம் நினைவு நாளை எந்தத் தேதியில் வைப்பது? திதி ஒன்று, தேதி ஒன்று என்று வருகிறது.
– வாசகர், உடுமலை

பதில்: திதியும் ஆண்டுக் குர்பானாவும் பாத்திஹாவும் அந்தந்த வீட்டில் அவரவர் முறைப்படி நடக்கட்டும், குழு அதில் நுழைய வேண்டியதில்லை. குழுவுக்கு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே ஞாயிறு போதும். இந்தப் பகுதிக்கு ஜனவரி கடைசி ஞாயிறு அல்லது பிப்ரவரி முதல் ஞாயிறு பொருந்தும்: பொங்கல் முடிந்திருக்கும், மழை இருக்காது, ரேடியேட்டரைக் கொதிக்கவைக்கும் வெயிலும் வந்திருக்காது. தேதியை டிசம்பரிலேயே எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். அன்று வண்டி ஓட்ட யாரும் இல்லாத வீட்டுக்கு, ஓட்டத் தெரிந்த ஒருவரை முந்தின வாரமே அனுப்பி, டயர் காற்றும் பேட்டரியும் பிரேக்கும் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.